சீசன் பந்தயம் எப்படி நடக்கிறது? விலை, காலம், விதி: முழுமையான வழிகாட்டி

ஒரு மேட்ச்சுக்குப் பணம் கட்டினால் அன்றைக்கே முடிவு தெரிந்துவிடும். சீசன் பந்தயத்தில் லீக் தொடங்கும் முன்பே "இந்த வருஷம் கப் இவங்களுக்குத்தான்" என்று கட்டிவிட்டு எட்டு ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். நடுவில் காயம் வரும், கோச் மாறுவார், நம்பிய ஸ்ட்ரைக்கர் வேறு நாட்டுக்கே போய்விடுவார். கட்டிய பணம் மட்டும் அங்கேயே கிடக்கும். அமெரிக்காவில் இதை ஃபியூச்சர்ஸ் என்பார்கள், பிரிட்டனில் அவுட்ரைட் என்பார்கள். குதிரைப் பந்தயத்தில் இதன் பெயர் ஆன்டி போஸ்ட்.

பெரும்பாலானவர்கள் "யார் ஜெயிப்பார்?" என்ற கேள்வியிலேயே மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பணம் கரைவதோ பெரும்பாலும் வேறு மூன்று இடங்களில்: என்ன விலைக்குக் கட்டினோம், எவ்வளவு காலம் முடக்கினோம், எந்த விதிப்படி தீர்க்கிறார்கள். இந்த வழிகாட்டி அந்த மூன்றைப் பற்றித்தான் அதிகம் பேசும்.

தொடங்கும் முன் சட்டம். அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் 2018 மே மாதம் பழைய மத்தியத் தடையை நீக்கிய பிறகு, ஒவ்வொரு மாநிலமும் தனக்கென முடிவெடுக்கிறது. பிரிட்டனில் உரிமம் பெற்ற புக்கிகள் (பந்தயப் பணத்தை ஏற்று நடத்துபவர்கள்) வெளிப்படையாகவே நடத்துகிறார்கள். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. நீங்கள் இருக்கும் இடத்தில் சட்டம் என்ன சொல்கிறதோ அதுதான் முதல் வரி. கணக்கைப் புரிந்துகொள்ள மட்டும் எந்தத் தடையும் இல்லை.

1. எதன்மேல் கட்டுகிறோம் என்று பிரித்துப் பாருங்கள்

சாம்பியன் யார் என்ற பந்தயம் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரே ஓர் அணி ஜெயிக்கும், மற்ற எல்லாச் சீட்டும் குப்பைக்குப் போகும். 1983 கிரிக்கெட் உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு 66-க்கு 1 (1 கட்டி ஜெயித்தால் 66 லாபம்) என்று விலை போட்டிருந்தார்களே, அது இந்த வகை.

அதற்கு அடுத்த படியில் கொஞ்சம் எளிதான கேள்விகள் இருக்கின்றன. முதல் நான்கு இடத்துக்குள் வருமா? பிளே ஆஃபுக்குத் தகுதி பெறுமா? கீழ் டிவிஷனுக்கு இறங்குமா? தன் பிரிவில் முதலிடம் பிடிக்குமா? இவற்றில் பல "ஆம், இல்லை" என்ற இரண்டே பதிலில் அடங்கிவிடும்.

மூன்றாவது வகை வெற்றி எண்ணிக்கை. ஓர் அணிக்கு 8.5 என்று ஒரு கோடு போடுவார்கள். சீசன் முடிவில் அந்த அணி 9 அல்லது அதற்கு மேல் ஜெயித்தால் ஓவர், 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் அண்டர். அரை ஏன் என்றால் சமநிலை வராமல் இருக்கத்தான். கோடு 9 என்று முழு எண்ணாக இருந்து, அணி சரியாக 9 ஜெயித்தால், கட்டிய பணம் அப்படியே திரும்பி வரும்.

நான்காவது தனிநபர் பரிசுகள். அதிக கோல், அதிக ரன், சீசனின் மிக மதிப்புமிக்க வீரருக்கான எம்.வி.பி. போன்றவை. பேசுவதற்குச் சுவையான பகுதி, விதிகளில் வழுக்கி விழுவதும் இங்கேதான்.

இந்த வகைகள் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.-வின் 2015-16 சீசனில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 82 ஆட்டங்களில் 73-ஐ ஜெயித்தது. அதுவரை யாரும் தொடாத எண்ணிக்கை. இறுதிப் போட்டியில் 3-1 என்று முன்னிலையில் இருந்து, கிளீவ்லாந்திடம் 4-3 என்று கப்பை விட்டது. அந்த அணியை ஒருவர் சரியாகக் கணித்து வெற்றி எண்ணிக்கையில் ஓவர் கட்டியிருந்தால் வசந்த காலத்திலேயே பணம். அதே கணிப்பை வைத்துச் சாம்பியன் என்று கட்டியவருக்கு ஒன்றும் இல்லை. பிளே ஆஃப் இருக்கும் லீக்கில் "நல்ல அணி" என்பதும் "சாம்பியன்" என்பதும் வேறு வேறு கேள்விகள். 38 ஆட்டம் ஆடிப் புள்ளி கூட்டும் கால்பந்து லீக்கில் இந்த இடைவெளி குறைவு.

2. விலைக்குள் என்ன இருக்கிறது

ஒரே விலையை மூன்று விதமாக எழுதுவார்கள். பிரிட்டன் முறையில் 5-க்கு 1. ஐரோப்பிய முறையில் 6.00. அமெரிக்க முறையில் +500. மூன்றும் ஒன்றுதான்: 100 கட்டி ஜெயித்தால் லாபம் 500, கையில் வருவது 600. கணக்குப் போட ஐரோப்பிய முறை எளிது, அதனால் இனி அதையே பயன்படுத்துகிறேன்.

100-ஐ அந்த எண்ணால் வகுத்தால், அந்த விலைக்கு நியாயம் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு வேண்டும் என்று தெரியும். 6.00 என்றால் 16.67 சதவீதம். 2.00 என்றால் 50 சதவீதம். உங்கள் கணிப்பில் அந்த அணியின் வாய்ப்பு இதைவிட அதிகமாக இருந்தால்தான் அந்தப் பந்தயத்தில் அர்த்தம் இருக்கிறது. அணி ஜெயிக்கும் என்ற நம்பிக்கை மட்டும் போதாது.

இப்போது முக்கியமான இடம். ஆறு அணிகள் மட்டுமே உள்ள ஒரு சின்ன லீக்கை வைத்துக்கொள்வோம். சாம்பியன் விலைகள் 2.00, 3.50, 5.00, 8.00, 13.00, 21.00. ஒவ்வொன்றையும் சதவீதமாக மாற்றினால் 50, 28.57, 20, 12.5, 7.69, 4.76. கூட்டிப் பாருங்கள்: 123.52. யாராவது ஒருவர்தான் ஜெயிக்க முடியும், ஆகவே உண்மையான வாய்ப்புகளின் கூட்டல் 100-ஐத் தாண்ட முடியாது. மிச்சமுள்ள 23.52 புக்கி தனக்காக ஏற்றி வைத்தது. ஆறு அணிகள்மேலும் அந்தந்த விகிதத்தில் பணம் விழுந்தால், வசூலான ஒவ்வொரு 100-லும் ஏறக்குறைய 19 அவரிடமே நின்றுவிடும்.

தனி மேட்ச்சில் இது எவ்வளவு? இரண்டு பக்கமும் 1.91 என்று விலை போட்டால் கூட்டல் 104.71. புக்கிக்கு நிற்பது நூற்றுக்கு நாலரை. சீசன் பந்தயத்தில் நாலு மடங்குக்கும் மேல். இருபது, முப்பது அணிகள் உள்ள சந்தையில் ஒவ்வொரு அணியிலும் துளித் துளியாக ஏற்றினாலே போதும், கூட்டல் எங்கோ போய்விடும். பார்ப்பவர் கண்ணுக்கு ஒவ்வொரு விலையும் நியாயமாகத்தான் தெரியும்.

ஏற்றியதைக் கழித்துப் பார்க்க எளிய வழி, ஒவ்வொரு சதவீதத்தையும் 123.52-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குவது. முதல் அணி 50-லிருந்து 40.5 ஆகும், நியாய விலை 2.47. கடைசி அணி 4.76-லிருந்து 3.85 ஆகும், நியாய விலை கிட்டத்தட்ட 26. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. புக்கிகள் எல்லா அணிகள்மேலும் சமமாக ஏற்றுவதில்லை. அடிமட்ட அணிகளின் விலையில்தான் ஏற்றம் அதிகம், ஏனென்றால் பெரிய தொகைக் கனவோடு வருகிறவர் 21-க்கும் 35-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. குதிரைப் பந்தயத்தில் பல பத்தாண்டுகளாகக் கவனிக்கப்பட்ட போக்கு இது. ஆகவே நம் கடைசி அணியின் உண்மையான வாய்ப்பு 3.85-ஐவிடக் குறைவாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

இதிலிருந்து வரும் நடைமுறை முடிவு: ஒரே அணிக்கு வெவ்வேறு புக்கிகளிடம் விலை பாருங்கள். தனி மேட்ச்சில் 1.91-க்கும் 1.95-க்கும் அலைவோம். சீசன் சந்தையில் ஒருவரிடம் 21.00, இன்னொருவரிடம் 29.00 என்று கிடப்பது சாதாரணம். வேறு எந்த ஆராய்ச்சியும் இவ்வளவு சுலபமாகப் பலன் தராது.

பிரிட்டனில் ஈச் வே என்று ஒன்று உண்டு. 21.00 விலையுள்ள அணிமேல் ஈச் வே 10 என்றால், உண்மையில் 20 கட்டுகிறீர்கள்: ஜெயிக்க 10, இடம் பிடிக்க 10. முதல் மூன்று இடம், நாலில் ஒரு பங்கு என்பது விதியானால், இரண்டாமிடம் வந்த அணிக்கு இடப் பகுதி 5-க்கு 1 கொடுக்கும். வெற்றிப் பகுதி போய்விடும், கையில் வருவது 60, லாபம் 40. சாம்பியனே ஆனால் 210-ம் 60-ம் சேர்ந்து 270. நடுத்தர விலையுள்ள, கட்டாயம் மேலே நிற்கும் ஆனால் முதலிடம் சந்தேகம் என்கிற அணிக்கு மட்டும் இது பொருந்தும். 2.50 விலை அணிக்கு ஈச் வே கட்டுவது வீண்.

3. உங்கள் எண்ணை எப்படிப் போடுவது

விலை ஒன்று சொல்கிறது, நீங்கள் வேறொன்று நினைக்கிறீர்கள். அந்த வேறொன்று எங்கிருந்து வந்தது? "போன வருஷம் நல்லா ஆடினாங்க" என்பது பதில் என்றால் கவனம் தேவை. அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.-இன் 2022 சீசனில் மினசோட்டா வைக்கிங்ஸ் 13 வெற்றி, 4 தோல்வி. பட்டியலைப் பார்த்தால் பிரமாதம். ஆனால் அந்த 17 ஆட்டங்களில் எடுத்த புள்ளிகளையும் விட்ட புள்ளிகளையும் கூட்டினால், எடுத்ததைவிட விட்டது 3 அதிகம். எட்டுப் புள்ளிக்குள் முடிந்த 11 நெருக்கமான ஆட்டங்களில் பதினொன்றையும் ஜெயித்திருந்தார்கள். அந்த மாதிரி நெருக்கடி ஆட்டங்களில் வருவது போவது பெரும்பாலும் அதிர்ஷ்டம்தான். அடுத்த சீசனில் 7 வெற்றி, 10 தோல்வி. ஆட்டத்தை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக்கின் காயமும் அதில் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை, ஆனாலும் 13 என்ற எண் அந்த அணியின் உண்மையான உயரம் அல்ல என்பதை முந்தைய ஆண்டின் கணக்கே சொல்லிவிட்டது.

ஆகவே வெற்றிகளைப் பார்க்கும் முன் வித்தியாசத்தைப் பாருங்கள். கால்பந்தில் கோல் வித்தியாசம், கூடைப்பந்தில் சராசரிப் புள்ளி வித்தியாசம், கிரிக்கெட் லீக்கில் நெட் ரன் ரேட். பேஸ்பாலில் பில் ஜேம்ஸ் எடுத்த ரன்னையும் விட்ட ரன்னையும் வைத்து எதிர்பார்க்கும் வெற்றிகளைக் கணக்கிடும் சூத்திரத்தைக் கொடுத்தார். பின்னால் மற்ற விளையாட்டுகளுக்கும் அதைத் திருத்தி எடுத்துக்கொண்டார்கள். கணக்கிட்ட எண்ணுக்கும் நடந்த எண்ணுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், அடுத்த ஆண்டு அந்த அணி நடுவை நோக்கி நகரும் என்று எதிர்பார்க்கலாம்.

அதன்மேல் வருவது ஆள் மாற்றம், வயது, கோச், ஆட்ட அட்டவணை. இந்தப் பட்டியலை எல்லோரும் பார்க்கிறார்கள், விலையிலும் ஏற்கெனவே ஏறியிருக்கும். அதனால் இதில் அதிகம் தங்க மாட்டேன்.

வெற்றி எண்ணிக்கைச் சந்தையில் யாரும் அவ்வளவாகச் செய்யாத ஒரு சோதனை உண்டு. என்.எஃப்.எல்.-இல் 32 அணிகள், ஆளுக்கு 17 ஆட்டம். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு அணிகள் என்பதால் மொத்தம் 272 ஆட்டங்கள். டிராவை ஒதுக்கிவிட்டால் சீசனில் இருக்கும் வெற்றிகள் 272-தான், அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. சராசரி 8.5. ஒரு புக்கி 32 அணிகளுக்கும் போட்டிருக்கும் கோடுகளைக் கூட்டுங்கள். 278 வந்தால், மொத்தமாகப் பார்க்கும்போது கோடுகள் மேலே தூக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ரசிகர்கள் தங்கள் அணி ஜெயிப்பதன்மேல் கட்டவே விரும்புவார்கள், அண்டர் கட்டிவிட்டு நாலு மாதம் தோல்விக்காகக் காத்திருக்க யாருக்கும் மனசு வராது. அந்த மனசுக்குத்தான் அந்த ஆறு. ஓவருக்கும் அண்டருக்கும் தனித்தனி விலை இருக்குமென்பதால், 8.5 கோட்டில் ஓவர் 1.70, அண்டர் 2.15 என்றால் உண்மையான கோடு 8.5-ஐவிட மேலே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சீசன் பந்தயத்தில் எதை மட்டும் பார்ப்பது என்று யாராவது கேட்டால், இந்தச் சந்தையைத்தான் காட்டுவேன். இரண்டே பக்கம், ஆகவே ஏற்றம் குறைவு. பிளே ஆஃபின் அதிர்ஷ்டம் இதில் நுழையாது. நம் கணிப்பு சரியா தப்பா என்பதும் தெளிவாகத் தெரிந்துவிடும்.

4. காலத்துக்கும் ஒரு விலை

1,000-ஐ ஒன்பது மாதம் முடக்குகிறீர்கள். அதே பணம் ஆண்டுக்கு 7 சதவீதம் தரும் இடத்தில் கிடந்திருந்தால் 52.50 வந்திருக்கும். அதாவது புக்கியின் பங்கைக் கழித்த பிறகும், இன்னும் ஐந்து சதவீதத்துக்கு மேல் சாதகம் இருந்தால்தான் கை நஷ்டம் இல்லை. புக்கியோ உங்கள் பணத்தை வைத்து அத்தனை மாதமும் தொழில் நடத்துகிறார், வட்டி எதுவும் தருவதில்லை. என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் முடிந்த இரவே அடுத்த ஆண்டு சூப்பர் பவுலுக்கு விலை வந்துவிடும். ஒரு வருஷம் முழுக்கப் பணத்தை அடைத்து வைக்க அழைப்பு அது.

5. எப்போது கட்டுவது

முதல் விலை வரும்போது புக்கிக்கும் நிச்சயம் குறைவு, அதனால் சிறு தொகைதான் ஏற்பார். ஆள் சேர்க்கை, காயம் பற்றிய செய்திகள் வர வர விலை இறுகும், ஏற்கும் தொகையும் கூடும். உங்களுக்கு ஒரு தகவல் மற்றவரைவிட முன்னால் புரிந்திருக்கிறது என்றால் ஆரம்பத்தில், இல்லையென்றால் சீசன் வாசலில். பிரபல அணிகளுக்கு ரசிகர் பணம் கொட்டும் என்பதால் தொடக்க நாளை நெருங்க நெருங்க அவற்றின் விலை குறையத்தான் செய்யும்.

சீசன் நடுவிலும் சந்தை திறந்தே இருக்கும். 2019 ஜனவரித் தொடக்கத்தில் என்.எச்.எல். ஹாக்கியில் செயின்ட் லூயிஸ் புளூஸ் லீக்கிலேயே கடைசி இடம். லாஸ் வேகஸில் ஒரு ரசிகர் 250-க்கு 1 விலையில் 400 டாலர் கட்டினார். ஜூனில் அந்த அணி ஸ்டான்லி கப் தூக்கியது, அவருக்கு 1,00,000 டாலர். கேட்க இனிக்கும் கதை. அதே ஜனவரியில் கடைசிப் பத்து அணிகள்மேல் கட்டிய மற்றவர்களின் கதை எந்தச் செய்தியிலும் வராது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நீங்கள் 15.00-க்கு எடுத்த அணி சீசன் தொடங்கும் நாளில் 11.00 ஆகியிருந்தால், முடிவு எதுவானாலும் நல்ல விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். இதை மட்டும் சில சீசன்கள் குறித்து வைத்தால், உங்கள் கணிப்புக்கு மதிப்பு உண்டா என்பது கப்பை யார் தூக்கினார் என்பதைவிட வேகமாகத் தெரியும்.

6. விதிகளை விரித்துப் படியுங்கள்

சண்டை வருவதெல்லாம் இங்கேதான். ஒவ்வொரு புக்கியின் விதியும் கொஞ்சம் கொஞ்சம் மாறும், கட்டும் முன் படித்தாக வேண்டும்.

முதலில் சமநிலை. 2018-19 இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்தில் அதிக கோல் பரிசு மூன்று பேருக்குப் பங்கானது: சாலா, மானே, ஆபமெயாங், ஆளுக்கு 22 கோல். மேடையில் மூவருக்கும் முழுப் பரிசு. பந்தயத்தில் டெட் ஹீட் விதி வரும், கட்டிய தொகையை மூன்றாக வகுப்பார்கள். ஒருவர்மேல் 10.00 விலையில் 30 கட்டியிருந்தால், 10-க்கு மட்டும் விலை கிடைக்கும், 100 வரும், மீதி 20 போச்சு. 270 லாபம் என்று இருந்தவருக்கு 70. விலை 2.50 என்று இருந்திருந்தால் வேடிக்கை இன்னும் மோசம்: 30 கட்டியவர் கையில் 25 வரும். ஜெயித்தும் நஷ்டம்.

அடுத்து ஆள் நகர்வது. இங்கிலாந்தில் ஆடிய ஸ்ட்ரைக்கர் ஹாரி கேன் 2023 ஆகஸ்ட் 12 அன்று, பிரீமியர் லீக் தொடங்கிய மறுநாள், பேயர்ன் மியூனிக்கில் சேர்ந்தார். ஜெர்மனியில் அந்த சீசனில் 36 கோல் அடித்தார். இங்கிலாந்தில் அதிக கோல் அடிப்பார் என்று அவர்மேல் ஜூனில் கட்டியவருக்கு அந்த 36-ஆல் ஒரு பயனும் இல்லை. ஒரு ஆட்டமும் ஆடாவிட்டால் பணம் வாபஸ் என்பது சிலர் விதி, ஆடினாலும் ஆடாவிட்டாலும் பந்தயம் நிற்கும் என்பது மற்றவர் விதி. குதிரைப் பந்தயத்தில் ஆன்டி போஸ்ட் என்றாலே, குதிரை ஓடாவிட்டாலும் பணம் போச்சு என்றுதான் பொருள். ஓடாவிட்டால் வாபஸ் என்று தனியாகச் சொல்லியிருந்தால் மட்டும் விலக்கு, அதற்கு விலையும் குறைவாக இருக்கும்.

பரிசுக்கே தகுதி விதி இருக்கலாம். என்.பி.ஏ. 2023-24 முதல், எம்.வி.பி. போன்ற பரிசுகளுக்கு 65 ஆட்டங்களாவது ஆடியிருக்க வேண்டும் என்று கொண்டுவந்தது. முந்தைய ஆண்டின் எம்.வி.பி. ஜோயல் எம்பீட் அந்த சீசனில் பிரமாதமாகத்தான் ஆடினார். ஜனவரி இறுதியில் முழங்கால் காயம், மொத்தம் 39 ஆட்டம், பந்தயம் அங்கேயே செத்தது. தனிநபர் பரிசில் கட்டும்போது திறமைக்குக் கொடுக்கும் விலையில் உடம்புக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும்.

சீசனே நின்றுபோனால்? 2020 ஏப்ரலில் கொரோனா காரணமாக நெதர்லாந்து லீக் நிறுத்தப்பட்டபோது அயாக்ஸும் ஏ.இசட். அல்க்மாரும் ஆளுக்கு 56 புள்ளி, கோல் வித்தியாசத்தில் அயாக்ஸ் மேலே. சாம்பியன் யாரும் இல்லை என்று அறிவித்தார்கள். அதே மாதக் கடைசியில் பிரான்சில் லீக் நின்றது, அங்கே பி.எஸ்.ஜி.-க்குக் கப்பைக் கொடுத்தார்கள். ஒரே காரணம், இரண்டு முடிவு. அதிகாரப்பூர்வச் சாம்பியன் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்துப் பணம் தருவதா, வாபஸா என்று பொதுவாக முடிவாகும்.

வெற்றி எண்ணிக்கையில் குறைந்தபட்ச ஆட்ட விதியைத் தேடுங்கள். 2023 ஜனவரி 2 அன்று பஃபலோ, சின்சினாட்டி அணிகள் ஆடிய என்.எஃப்.எல். ஆட்டம் களத்தில் ஒரு வீரரின் இதயத் துடிப்பு நின்றுபோனதால் பாதியில் நின்றது, பிறகு ரத்தானது. இரண்டு அணிகளும் அந்த சீசனில் 16 ஆட்டத்தோடு முடித்தன. "17 ஆட்டமும் நடக்க வேண்டும்" என்று விதி வைத்திருந்த இடங்களில், கோட்டை ஏற்கெனவே தாண்டிவிட்ட பந்தயம் மட்டும் செல்லும், மற்றது வாபஸ் என்பதுதான் வழக்கமான ஏற்பாடு.

புள்ளி வெட்டு இன்னொன்று. பிரீமியர் லீக் அணியான எவர்ட்டனுக்கு 2023 நவம்பரில் 10 புள்ளி வெட்டினார்கள், பிப்ரவரியில் மேல்முறையீட்டில் அது 6 ஆனது, ஏப்ரலில் இன்னொரு 2 போனது. அந்த அணி இறங்கும் என்று கட்டியவரின் வாய்ப்பு மைதானத்துக்கு வெளியே, வழக்கறிஞர்கள் கையில் மூன்று முறை மாறியது. கடைசியில் எவர்ட்டன் தப்பித்தது. கடைசி ஆட்டம் முடிந்த அன்றைய பட்டியலே செல்லும், பின்னால் வரும் தீர்ப்பு செல்லாது என்பது பொதுவான விதி.

7. நடுவழியில் என்ன செய்யலாம்

15.00-க்கு 100 கட்டிய அணி இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஜெயித்தால் 1,500 வரும். இன்றைய இறுதி ஆட்டத்துக்கு உங்கள் அணி 2.10, எதிரணி 1.80. மூன்று வழி இருக்கிறது.

எதிரணிமேல் 833.33 கட்டினால், யார் ஜெயித்தாலும் கைக்கு 1,500. கட்டியது மொத்தம் 933.33, நிச்சய லாபம் 566.67. இதுதான் ஹெட்ஜ். அவ்வளவு வேண்டாம், முதலை மட்டும் காப்பாற்றினால் போதும் என்றால் எதிரணிமேல் 125. எதிரணி ஜெயித்தால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை, உங்கள் அணி ஜெயித்தால் 1,275 லாபம். மூன்றாவது, ஒன்றும் செய்யாமல் ஆட்டத்தைப் பார்ப்பது.

எது சரி? புக்கி ஏற்றியதைக் கழித்தால் உங்கள் அணியின் வாய்ப்பு 46 சதவீதம் சொச்சம். 1,500-ல் அந்தப் பங்கு ஏறக்குறைய 692. கையில் இருக்கும் சீட்டின் இன்றைய மதிப்பு அதுதான். முழு ஹெட்ஜ் உங்களுக்கு 666.67 தருகிறது, 25 சொச்சம் நிம்மதிக்கான கட்டணம். அதே நேரத்தில் திரையில், முடிவுக்கு முன்பே சீட்டைப் புக்கியிடமே விற்றுவிடும் கேஷ் அவுட் பட்டன் 610 என்று மின்னும். அழுத்துவது சுலபம், அதற்காகவே அது அங்கே இருக்கிறது. இந்தக் கணக்கைப் போடாமல் அந்தப் பட்டனைத் தொட வேண்டாம் என்பது மட்டும் என் கறாரான கருத்து.

கேஷ் அவுட் எப்போதும் முட்டாள்தனம் என்று சொல்ல வரவில்லை. 2015-16-இல் லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீக் சாம்பியன் என்று 5000-க்கு 1 விலையில் 50 பவுண்ட் கட்டிய ஒருவர், சீசன் முடியும் முன் 72,000 பவுண்ட் சொச்சத்துக்கு வெளியேறினார். நின்றிருந்தால் 2,50,000. பின்னாலிருந்து பார்த்துச் சிரித்தவர்கள் அதிகம். 72,000 ஒருவரின் வாழ்க்கையை மாற்றும் தொகை என்றால், அதை எடுத்துக்கொள்வதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மொத்தச் சொத்தோடு ஒப்பிட்டால் சீட்டு எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்தது அது.

இறுதிப் போட்டியில் எதிரி ஒருவர்தான், லீக்கில் மூன்று நான்கு பேர் துரத்துவார்கள். ஒவ்வொருவர்மேலும் கட்டி ஹெட்ஜ் செய்தால் ஏற்றத்தை மூன்று நான்கு முறை கொடுக்க வேண்டும். 2000-இல் தொடங்கிய பெட்ஃபேர் போன்ற, ஆட்கள் தங்களுக்குள்ளேயே பந்தயம் கட்டிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்சுகளில் "இந்த அணி ஜெயிக்காது" என்று லே போடலாம். 15.00-க்கு 100 வைத்திருப்பவர், விலை 3.00 ஆனதும் 500-க்கு லே போட்டால், அணி ஜெயித்தாலும் தோற்றாலும் 400 லாபம், கமிஷன் மட்டும் போகும்.

ஹெட்ஜைத் தலைகீழாகச் செய்த ஒருவரையும் சொல்ல வேண்டும். ஹூஸ்டனில் ஃபர்னிச்சர் கடை நடத்தும் ஜிம் மெக்கிங்வேல், 2022-இல் ஆஸ்ட்ரோஸ் பேஸ்பால் அணி வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தால் மெத்தை வாங்கியவர்களுக்கு இரட்டிப்பாகப் பணம் திருப்பித் தருவதாக அறிவித்தார். அணி ஜெயித்தால் கடைக்குப் பெரும் செலவு. அதை ஈடுகட்ட அதே அணிமேல் மொத்தம் ஒரு கோடி டாலர் கட்டினார். ஆஸ்ட்ரோஸ் ஜெயித்தது, 7.5 கோடி டாலர் வந்தது. தலைப்புச் செய்தியில் சூதாடியாகத் தெரிந்தவர், கணக்கில் பார்த்தால் காப்பீடு வாங்கிய வியாபாரி.

8. எவ்வளவு, எப்படிக் குறித்து வைப்பது

இழந்தால் வலிக்காத ஒரு தொகையை சீசன் முழுவதுக்கும் தனியே ஒதுக்குங்கள், அதில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு மட்டும் ஒரு சீட்டுக்கு. நீண்ட விலைச் சீட்டுகள் வரிசையாகத் தோற்பது இயல்பு, 20.00 விலையில் சரியாகவே கணித்தாலும் இருபதில் ஒன்றுதான் வரும். கடன் வாங்கிய பணம், வீட்டுச் செலவுப் பணம் இதில் வரக் கூடாது. போன சீட்டை மீட்க அடுத்ததைப் பெரிதாக்கத் தோன்றினால், அந்த சீசனுக்கு அங்கேயே நிறுத்த வேண்டும்.

ஒரே அணியைச் சாம்பியன், பிரிவு முதலிடம், ஓவர் என மூன்று விதமாகக் கட்டியிருந்தால் அது மூன்று பந்தயம் ஆகாது. ஒரே காயத்தில் மூன்றும் சேர்ந்து போகும், ஒரே பந்தயமாகவே கணக்கில் எழுதுங்கள்.

குறிப்பில் இருக்க வேண்டியவை: கட்டிய தேதி, விலை, அன்றைக்கு நீங்கள் நினைத்த வாய்ப்பு, சீசன் தொடங்கிய நாளின் விலை, விதிப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட். கடைசியாகச் சொன்னதற்குக் காரணம், எட்டு மாதத்தில் அந்தப் பக்கம் திருத்தப்பட்டிருக்கலாம், நீங்கள் கட்டிய நாளில் என்ன இருந்தது என்பதற்கு வேறு சாட்சி இருக்காது. கவுண்ட்டரில் வாங்கிய காகிதச் சீட்டு என்றால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முடிவு வந்த பிறகு எத்தனை நாளுக்குள் பணம் வாங்க வேண்டும் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். வெப்பத்தில் எழுத்து வரும் தாள் பல இடங்களில் உபயோகத்தில் இருக்கிறது, மாதக்கணக்கில் பர்ஸில் கிடந்தால் மங்கிவிடும். வாங்கிய அன்றே இரு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.